கோழியின் நடையும் அண்ணனின் காலும்

எண்பதுகளின் தொடக்கத்தில், நாகமலை புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. என் வேலை கோழிகளுக்கு விஷம் கொடுப்பது. பூச்சிமருந்தில் ஒரு வகையை அளந்து கொடுத்து, கோழி உடனே செத்துவிடாமல் மாற்று மருந்தும் போட்டுக் காப்பாற்றிவிட வேண்டும். கோழி தேறிவிடும். தீவனம் கொத்தும், சண்டை போடும். இரண்டு வாரம் கழித்துத்தான் கால் துவளத் தொடங்கும். தினமும் அதை நடக்கவிட்டு, நடைக்கு மார்க் போட்டு நோட்டில் எழுதுவேன். கடைசியில் கோழியைக் கொன்று, காலுக்குப் போகும் நரம்பை எடுத்து, அதிலுள்ள புரதங்களைப் பிரித்துப் பார்ப்பேன்.

"கோழி மேய்ச்சாலும் கவர்மெண்டுல மேய்க்கணும்பாக. என் தங்கச்சி யுனிவர்சிட்டியில மேய்க்கிறா" என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கொட்டாம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். நான் கல்லூரிப் படி ஏறியதே அவன் பிடிவாதத்தால்தான்.

அந்தப் புரதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதுகுத்தண்டில் இருக்கும் நரம்புச் செல்லின் இழை ஒன்று பாதம் வரை நீண்டு போகிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, ஆனால் ஓர் ஆளின் கால் நீளம். அது குலைந்துவிடாமல் உள்ளே நீளவாக்கில் புரத நார்களும் புரதக் குழாய்களும் ஓடுகின்றன, பந்தலுக்குக் கம்பு நட்ட மாதிரி. செல் செய்து அனுப்பும் சரக்கெல்லாம் அந்தக் குழாய்களை ஒட்டித்தான் நுனிக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த விஷம் பட்டால் நார்கள் ஒழுங்கு கெட்டு அங்கங்கே குவிந்துகொள்ளும். சரக்கு போகாது. இருப்பதிலேயே நீளமான இழை நுனியிலிருந்து சாக ஆரம்பிக்கும். அதனால்தான் முதலில் பாதம் போகிறது. இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பித்திருப்பேன். ஏட்டுச் சுரைக்காய்.

மூன்றாம் வருஷம், பருத்திக்கு மருந்தடித்துக்கொண்டிருந்த அண்ணன் வரப்பில் சுருண்டு விழுந்தான். வாளியில் மருந்தை ஊற்றி, முழங்கை வரை கையை விட்டுக் கலக்குவதுதான் எங்கள் ஊர் வழக்கம். போதாததற்கு முதுகில் மாட்டியிருந்த தெளிப்பான் கசிந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது. மதுரையில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்துக்கொண்டான். வார்டு வாசலில் அம்மா நேர்ந்துகொண்டாள்: "ஆத்தா, எம்மகன் எந்திரிச்சு நடந்தா ஒம் பூக்குழியில எறக்குறேன்."

அவன் வீடு திரும்பிய நாலாம் நாள் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். அண்ணனும் கட்டிக்கொண்டான். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டவன், எட்டாம் நாள் பூக்குழியில் இறங்கித் தீ மிதிக்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. செருப்புப் போடக் கூடாது. ஒரு வேளைதான் சாப்பாடு. தீ மிதிக்கு முந்தின நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து கெண்டைக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"ரெண்டு காலும் இழுக்குது தாயி. நடந்தா காலுக்கு மண்ணே தெரிய மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னா, காப்புக் கட்டிட்டு எல்லை தாண்டுவியான்னு அம்மா சத்தம் போடுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "விரதம்ல இருக்கே, சத்துக் கொறச்சல்ணே" என்றேன். கைப்பையிலிருந்து பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். பிறகு மதினி கொடுத்த காபியைக் குடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. எந்தக் கோழியும் என்னிடம் வந்து மண் தெரியவில்லை என்று சொன்னதில்லை. நடையைப் பார்த்தே கண்டுபிடிப்பேன். வாய்விட்டுச் சொன்ன மனுஷனிடம்தான் கோட்டை விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் எல்லோரும் கனலில் ஓட்டமும் நடையுமாக இறங்கிக் கடந்தார்கள். அண்ணன் மட்டும் முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைப் பொத்தென்று வைத்து, மெதுவாக நடந்தான். நடுவில் தடுமாறி ஒரு கணம் நின்றேவிட்டான். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

"எம்புட்டு நிதானம் பாரு. ஆத்தா மடியில வச்சுத் தாங்குறா" என்றார் பூசாரி.

நானும் கண்ணில் நீர் வழியக் கும்பிட்டேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அவன் மற்றவர்களோடு கோயிலிலேயே தங்கிவிட்டதால், அவனைப் பார்க்காமலே விடியற்காலை பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பல்கலைக்கழகக் கோழிக் கொட்டகைக்குப் போய், விஷம் கொடுத்து மூன்று வாரம் ஆன ஒரு வெள்ளைக் கோழியை நடக்கவிட்டேன். அது காலை உயரத் தூக்கிப் பொத்தென்று வைத்தது. மார்க் எழுதப் பேனாவை எடுத்தேன். நோட்டை அங்கேயே போட்டுவிட்டு மறுபடியும் பஸ் ஏறினேன்.

வீட்டில் அண்ணனின் கால்களைத் துணியால் சுற்றி வைத்திருந்தார்கள். பூக்குழியில் கால் வெந்தால் அவன் விரதம் தப்பியவன் என்று எங்கள் ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்து அம்மா யாருக்கும் சொல்லாமல் மஞ்சளை அரைத்துப் பூசியிருந்தாள். துணியைப் பிரித்தேன். உள்ளங்கால் தோல் துணியோடு வந்தது.

"வலிக்கல தாயி. பயப்படாமப் பாரு" என்றான்.

அன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோனோம். புண் ஆறவில்லை. இடது பாதத்தை எடுத்தார்கள். வலது காலில் விரல்களை எடுத்தார்கள். அம்மா மேல் கோபம் வந்தது. அந்த அம்மன் மேல் வந்தது. மருந்து டின்னில் மண்டையோட்டுப் படத்தை ஒட்டிவிட்டுக் கடமை முடிந்ததென்று விற்றவன் மேலும் வந்தது. எல்லாவற்றையும் சேர்த்தாலும் என் மேல் எனக்கு வந்த வெறுப்பில் பாதி தேறாது.

ஒரு மத்தியானம் வார்டில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோழிகள், நரம்பு, புரதம், நான் கண்டுபிடிக்காமல் விட்டது எல்லாம்.

"அந்தக் கோழிகளைக் கொணமாக்க மருந்து இருக்கா?"

"இல்லண்ணே. இன்னும் யாரும் கண்டுபிடிக்கல."

"அப்ப நீ முன்னாடியே கண்டுக்கிட்டிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"பூக்குழியில எறங்க விட்டிருக்க மாட்டேன்."

அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது போதுமே தாயி" என்றான். "அசைக்க முடியாட்டியும் பாதம்னு ஒண்ணு இருந்திருக்கும்ல."