சைக்கால் எழுப்பிய பனிக்குன்று

பத்கென் மலையடியில் உள்ள கராதாஷ் ஊரில் வாய்க்கால் முறை பார்ப்பவள் சைக்கால். எந்தத் தோட்டத்துக்கு என்றைக்கு மடை திறப்பது என்று அவள் சொல்வதே முடிவு. அதனால் ஊரில் பாதிப் பேர் அவளோடு பேசுவதில்லை. மீதிப் பேர் தண்ணீர் வந்த அன்று மட்டும் பேசுவார்கள்.

அந்த வருடம் ஜூன் பிறந்ததுமே வாய்க்கால் வற்றியது. மலைமேல் இருந்த பனியாறு சுருங்கிவிட்டதாக மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் தெரிவித்தார்கள். ஜூலையில் ஒரே மழையில் சேற்று வெள்ளம் வந்து பாலத்தைக் கொண்டுபோனது. ஆகஸ்டில் வேறு சிலர் வந்து பாலம் இருந்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

செப்டம்பரில் சைக்கால் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனாள். அங்கே குளிர்காலத்து ஊற்றுநீரைக் குழாயில் இறக்கி, மேல்நோக்கிப் பீய்ச்சி, குன்றாக உறைய வைத்திருந்த கதையைக் கேட்டு வந்தாள். நாமும் செய்வோம் என்றாள்.

கணவனின் அண்ணன் ஓர்மோனுக்கு இருநூறு ஆடுகள், ஒரு தோட்டம். அவர்தான் முதலில் வாய் திறந்தார்.

"தண்ணிய உறைய வச்சு மறுபடி உருக வைக்கணுமா? அது தண்ணியாவே இருந்துட்டுப் போகட்டுமே."

"குளிர்காலத்துல வீணா ஓடுது, மாமா. ஜூன்ல உங்க ஆடு குடிக்கும்."

"எங்க ஆடு ஐஸ் கேக்கலையே."

"இந்த வருஷம் தண்ணி கேட்டுச்சு. அதையும்தான் குடுக்க முடியல."

மறுநாள் ஓர்மோன் மண்வெட்டியோடு வந்தார். ஆட்டுக்காகத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டார். அவரோடு சேர்த்து ஐந்து பேர் மூன்று வாரம் குழி தோண்டிக் குழாய் பதித்தார்கள்.

டிசம்பரில் குளிரே இல்லை. பீய்ச்சிய நீர் சேறாகப் பரவியது. ஆட்கள் வந்து பார்த்து, "குன்னு எங்கக்கா?" என்று விசாரித்தார்கள்.

"வரும்," என்றாள்.

ஜனவரியில் உறைபனி இறங்கியது. குழாய் மூட்டு ஒன்று வெடித்தது. சைக்கால் தன் சீதனக் கம்பளத்தை வெட்டி அதில் சுற்றினாள். அம்மா கையால் தைத்தது. வெட்டும்போது மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். பிப்ரவரிக்குள் பனி நான்கு ஆள் உயரம் எழும்பியது.

அடுத்த ஜூனில் ஆடுகள் குடித்தன. தோட்டங்களுக்கும் முறை வைத்தாள். தன் வாதுமைத்தோட்டத்தைக் கடைசியில் போட்டாள். அதன் முறை வருவதற்கு இரண்டு நாள் முன்பே பனி தீர்ந்தது. மரங்கள் பிழைத்தன, பிஞ்செல்லாம் உதிர்ந்தது.

"உன் முறைய முன்னாடி வச்சிருக்கலாம்ல?" என்றார் ஓர்மோன்.

"வச்சிருந்தா உங்க தோட்டம்தான் கடைசி."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நீ செஞ்சது சரிதான்."

அன்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள். செப்டம்பரில் இரண்டாவது குழாய்க்கு ஆள் கேட்டபோது பதினெட்டுப் பேர் வந்தார்கள். அவளோடு பேசாதவர்களும் வந்தார்கள்; பேசாமலே தோண்டினார்கள்.