ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்கு ஒரு பிளாக்

வாத்தியார் வேலையில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: வகுப்பறைக்குள் நாம் உளறியது வகுப்பறையோடு போய்விடும். வகுப்புக்கென்று ஒரு பிளாக் ஆரம்பித்தீர்கள் என்றால் அந்தச் சௌகரியமும் போச்சு. என்னை மாதிரியே ஏதோ ஒரு பயிற்சி முகாமில் உசுப்பேற்றிவிடப்பட்டு, ‘பிள்ளைகள் எழுதட்டும், எல்லாரும் படிக்கட்டும்’ என்று கிளம்பிய சக பாவப்பட்ட ஜீவன்களுக்காக இதை எழுதுகிறேன். நான் போடிநாயக்கனூரில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறவள். எனக்கு நடந்தது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால், நடக்கும்.

அனுமதி

தலைமையாசிரியரிடம் போய், “சார், ஒன்பதாவது பி செக்‌ஷனுக்கு ஒரு பிளாக் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். “எந்த இடத்துல டீச்சர்?” என்றார். “இடமெல்லாம் வேண்டாம் சார்.” “இடம் இல்லாம எப்படி? பாத்ரூம் பிளாக்கே அஸ்திவாரத்தோட நிக்குது, பாக்குறீங்கள்ல?”

அப்புறம் உட்கார்ந்து விளக்கினேன். இது கட்டடம் இல்லை, இணையத்தில் ஒரு பக்கம். நான் பாடத்தைப் போடுவேன், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், அவர்களே எழுதுவார்கள், பெற்றோரும் பார்க்கலாம் என்று. முழு பீரியடும் போய்விட்டது. அவரும் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அப்பாடா என்று வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்: “எல்லாம் சரி டீச்சர், மேல தகரமா, கான்கிரீட்டா?”

சொந்த ஊர்

முதல் பயிற்சி, ‘எங்கள் ஊரின் நீர்நிலை’. சொந்தமாக எழுத வேண்டும், பார்த்து எழுதக் கூடாது என்று தொண்டை கட்டும் வரை சொன்னேன். முதல் ஆளாகப் பதிவு போட்டவன் சரவணன். குரங்கணிக்காரன். ஆறு அவன் வீட்டு வாசலை ஒட்டித்தான் ஓடுகிறது. துணி துவைப்பது, குளிப்பது எல்லாம் அதில்தான்.

அவன் எழுதியிருந்தது: ‘எங்கள் ஊர் அழகிய கடற்கரையோரம் அமைந்துள்ளது. மாலை நேரங்களில் மீனவர்கள் மணலில் வலைகளை உலர்த்துவார்கள். மேலும் வாசிக்க இங்கே சொடுக்கவும்.’ இதைப் பார்த்து வகுப்பில் பாதிப்பேர், மலையடிவாரத்தில் இருந்துகொண்டு, கடற்கரைக்குக் குடிபெயர்ந்திருந்தார்கள். மறுநாள் அவனை எழுப்பி, “டேய், குரங்கணியில ஏதுடா கடல்?” என்றேன். அவன் கொஞ்சமும் அசரவில்லை. “எழுத்துப்பிழை இருந்தாச் சொல்லுங்க டீச்சர், திருத்திர்றேன். ஊர்ப்பிழையெல்லாம் பாத்தா எப்படி?”

கருத்துப் பெட்டி

பிளாக் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், முதல் கருத்து வந்தால் வருகிற சந்தோஷம் தலைப்பிரசவத்துக்குச் சமம். ஒளிச்சேர்க்கை பற்றி நான் ராத்திரியெல்லாம் கண்விழித்துப் போட்ட பாடத்துக்குக் கீழே ஒரு கருத்து வந்திருந்தது. ஆசையாகத் திறந்தேன். ‘நல்ல பச்சை நிறம், முதல் தரம், போடி ஏலக்காய். மொத்தமாகவும் சில்லறையாகவும் கிடைக்கும்.’ கீழே செல் நம்பர்.

எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் அப்பா, பஜாரில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். அழித்தேன். செரிமான மண்டலத்துக்குக் கீழே மறுபடி வந்தார். அதையும் அழித்தேன். காந்தவியலுக்குக் கீழே வந்தார். நேரில் வரச் சொல்லி, “அண்ணே, இது பிள்ளைங்க படிக்கிற எடம்” என்றேன். அவர் கோபப்படவே இல்லை, என் மேல் பரிதாபப்பட்டார். “நானும் பாத்துட்டுத்தான் வர்றேன் டீச்சர். உங்க பாடத்துக்குக் கீழ ஒரு ஈ காக்காயக் காணோம். ஒரு கடை இருந்தாத்தானே நாலு ஆளு வரும்?”

மண்ணும் மழையும்

ஐப்பசி மழைக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். லீவிலும் விடுவேனா? ‘உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள மண்ணைப் படம் எடுத்து நான்கு வரி எழுதுக’ என்று பிளாக்கில் போட்டேன். வழக்கம்போல யாரோ ஒருவருடைய தோட்டத்துச் செம்மண் படம் எல்லாருடைய வீட்டைச் சுற்றியும் இருந்தது. எரிச்சலோடு அழித்துக்கொண்டே வரும்போது நித்யாவின் பதிவு வந்தது. போடிமெட்டுக்குக் கீழே ஓர் ஏலத் தோட்டத்தில் அவளுடைய அப்பா அம்மா வேலை பார்க்கிறார்கள். பள்ளி நாட்களில் போடியில் விடுதியில் இருப்பாள், லீவுக்கு மேலே போய்விடுவாள். அங்கே வீட்டில் சிக்னல் கிடையாது. ரோட்டு வளைவு வரை ஏறி வந்தால் கேரளா டவர் கிடைக்கும். அந்த மழையில் அவ்வளவு தூரம் ஏறி வந்து போட்டிருந்தாள்: ‘இது எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மண். நேற்று இந்த வெடிப்பு இல்லை. இப்போது என் தம்பியின் செருப்பு உள்ளே விழும் அளவுக்கு இருக்கிறது. செடிகள் சாய்ந்து நிற்கின்றன.’

‘படம் தெளிவு, நன்று’ என்று அடிக்கப்போன விரல் அப்படியே நின்றுவிட்டது. அவள் அப்பா நம்பர் தொடர்பு எல்லைக்கு வெளியே. சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்துக்குப் போன் போட்டு, படத்தையும் அனுப்பினேன். எடுத்தவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, “படம் கொஞ்சம் கோணலா இருக்கு டீச்சர், நேரா ஒண்ணு எடுத்து அனுப்பச் சொல்லுங்க” என்றார். மலையே கோணிக்கொண்டு நிற்கிறது, படம் எப்படி நேராக வரும்? போனை வைத்துவிட்டு, என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா பாண்டியைப் பிடித்தேன். தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவர். நல்லவேளையாகப் போடிமெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார். “வெரசாப் போங்கண்ணே” என்று நான் சொல்லி முடிக்கும் முன்னால் ஜீப்பு ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

அங்கே சூப்பர்வைசர், முதலாளியைக் கேட்காமல் ஆட்களைக் கிளப்ப முடியாது என்றாராம். பாண்டி அவரோடு பேசவே இல்லை. பிள்ளைகளைத் தூக்கி ஜீப்பில் உட்காரவைத்துவிட்டார், பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்மார்கள் தானாக ஏறினார்கள். ஆண்கள் சட்டி பானையோடு நடந்தார்கள். ரோட்டு வளைவை ஒட்டி மேட்டில் இருந்த ஏலக்காய் காயவைக்கும் கட்டடத்தில் எல்லாரும் ஒதுங்கினார்கள். பொழுது சாய்வதற்குள் சரிவு இறங்கிவிட்டது. குடியிருப்பின் பின்பாதி மண்ணுக்குள். உள்ளே ஒரு சீவன் இல்லை. பாண்டி போனில் இதைச் சொன்னபோது நான் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் போனை நித்யாவின் அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மா அழுதுகொண்டே சொன்னார்: “அவ புஸ்தகமெல்லாம் மண்ணுக்குள்ள போயிருச்சு டீச்சர். வீட்டுப்பாடம் எழுதலைன்னு புள்ளைய வையாதீங்க.”

ஆய்வு

அடுத்த மாதம் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். பிளாக்கைப் பார்க்க வேண்டும் என்றார். அன்றைக்கென்று நெட் வரவில்லை. “ஏன், பிரிண்ட் எடுத்து பைண்ட் பண்ணி வைக்கலையா?” என்று கேட்டார். ஓடிப்போய்க் கடையில் பிரிண்ட் எடுத்து, தைத்து, கொண்டுவந்து நீட்டினேன். கடற்கரைக் குரங்கணியை ரசித்துப் படித்து, பச்சை மையில் ‘அருமை’ என்று எழுதினார். சரவணனை எழுப்பிக் கைதட்டவும் வைத்தார்.

பக்கங்களைப் புரட்டி நித்யாவின் படத்துக்கு வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். பக்கத்தில் தலைமையாசிரியர்கூடக் கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார், பேனாவை மூடினார், பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திறந்து விரலால் தடவிப் பார்த்தார். “நல்ல விஷயந்தான் டீச்சர். ஆனா இந்த வெடிப்பு எந்த அலகுல வருதுன்னு தெரியலையே. இனிமே சிலபஸுக்கு வெளிய எழுத விடாதீங்க.”

பிளாக் வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று யாராவது கேட்டால் என் அனுபவத்தில் ஒன்றுதான் சொல்வேன்: பாடத்தைத் தவிர மற்ற எல்லாம் தானாக நடக்கும், நாம் பாஸ்வேர்டை மட்டும் மறக்காமல் இருந்தால் போதும்.