எங்கள் ஒழுங்கைக் கிணற்றுக்காகக் கரவெட்டிக்கு

1993 ஆகஸ்ட் 10, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் நாலரைக்கு எழுந்தேன். ஜாம் போத்தல் விளக்கின் கரியைத் துடைத்து, திரியை வெட்டி வைத்தேன். ஐந்து மணிக்கு வாளியோடு ஒழுங்கைக் கிணற்றுக்குப் போனேன். எட்டு முழம் கயிறு இறங்கிய பிறகே வாளி தண்ணீரைத் தொட்டது. வைகாசியில் ஆறு முழம் போதுமாக இருந்தது. ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். சவர், உப்புக் கரித்தது. பல் விளக்கக்கூட மனம் வரவில்லை.

யாழ்ப்பாணப் பட்டினத்தின் தென்கரையில், கடலிலிருந்து முந்நூறு கெஜம் தள்ளி எங்கள் ஒழுங்கை இருக்கிறது. இருபத்துமூன்று வீடுகள் கொண்ட ஒடுங்கிய தெரு. வீட்டுக் கிணறுகள் எல்லாம் குளிக்க மட்டும் உதவும். குடிக்க இந்த ஒரு கிணறுதான். நல்ல தண்ணீர் மேலே நிற்கும், கடல் தண்ணீர் கீழே காத்திருக்கும். அளந்து அள்ளினால் இரண்டும் கலக்காது. இது எங்கள் ஒழுங்கையில் நடை பழகும் பிள்ளைக்கும் தெரியும்.

தெரிந்தும் மூன்று மாதமாகக் குணம் என்பவன் மண்ணெண்ணெய் மெஷின் பூட்டி, விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை இறைக்கிறான். பீப்பாக்களில் நிரப்பி, தேநீர்க் கடைகளுக்கும் பேக்கரிகளுக்கும் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிப் போகிறான். புதன்கிழமை காலை ஆறு மணிக்குப் பெரிய மெஷின் கொண்டுவருவதாக ஞாயிறன்று சொல்லிவிட்டான். அது பூட்டப்பட்டால் கிணறு முடிந்தது. பிறகு குடிநீருக்கு ஒன்றேகால் மைல் நடக்க வேண்டும்.

அவனுக்கு அனுமதி கொடுத்தவர் தம்பிராசா. கிணற்றோடு சேர்ந்த வீட்டில் இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஷெல்லடிக்குப் பயந்து குடும்பத்தோடு கரவெட்டிக்குப் போனவர். அவருக்கு ஐந்து கடிதம் எழுதினோம். எழுதியவன் நான். பதில் ஒன்றும் வரவில்லை.

6.10. இரண்டு சைக்கிள்களில் புறப்பட்டோம். கூட வந்தவர் பக்கத்து வீட்டு அருளப்பு. கடலுக்குப் போகத் தடை வந்த நாளிலிருந்து வலையைப் பரணில் போட்டுவிட்டு இருப்பவர்.

"கிளாக்கர் அண்ணை, ஆறாம் கடிதத்தை நீங்களே தபால்காரனாய்க் கொண்டுபோறியள். முத்திரை மிச்சம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இருபாலை, கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர். சோளகக் காற்று முதுகில் தள்ளியதால் மிதிப்பது இலேசாக இருந்தது. நீர்வேலியில் வாழைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. சிவப்பு மண்ணில் அது ஓடும் சத்தமே எரிச்சலூட்டியது. 7.40க்கு ஆவரங்காலில் பனங்கட்டியோடு வெறுந்தேநீர், நான்கு ரூபா. 8.25க்கு வல்லைவெளி. நெல்லியடிச் சந்தை கலகலத்துக் கிடந்தது, நாங்கள் நிற்கவில்லை. 9.20க்குக் கரவெட்டி. மொத்தம் பதினெட்டு மைல்.

தம்பிராசா வெங்காயத் தோட்டத்தில், வரம்பில் நின்றார். எங்களைக் கண்டு கையை உயர்த்தியவர், உடனே கிணற்றடியில் நின்ற கூலியாளைப் பார்த்துக் கத்தினார்.

"காணும், மெஷினை நிப்பாட்டு! அடித்தண்ணியிலை கை வைச்சால் சவர் ஏறுமெண்டு எத்தினைதரம் சொல்லுறது?"

நானும் அருளப்புவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

வீட்டு முற்றத்தில் அவர் மனைவி சிவயோகம் செம்பில் தண்ணீர் தந்தார். தேன்போல் இருந்தது. இரண்டு செம்பு குடித்தேன். குடிக்கக் குடிக்க வயிறு குளிர்ந்தது, தலை கொதித்தது.

"கடிதமெல்லாம் கிடைச்சது, கிளாக்கர்" என்றார் தம்பிராசா. "என்ன செய்யிறது, குணத்துக்குச் சொல் குடுத்திட்டன். நாலு பேருக்குத் தண்ணி போறது புண்ணியந்தானே."

"புண்ணியம் உங்களுக்கு, சவர் எங்களுக்கோ?" என்றார் அருளப்பு.

வெறும் செம்போடு உள்ளே போகத் திரும்பிய சிவயோகம் நின்றார்.

"உது எந்தக் கிணத்துக் கதை?"

நான் சொன்னேன். மெஷின், பீப்பா, எட்டு முழக் கயிறு, நாளைக் காலை ஆறு மணி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

"அது அம்மா எனக்குச் சீதனமாய் எழுதின கிணறு. ஆரைக் கேட்டுக் குடுத்தனீங்கள்?"

"நீ உள்ளை போ. பிறகு கதைப்பம்" என்றார் தம்பிராசா.

சிவயோகம் போகவில்லை. என் பக்கம் திரும்பினார். "அண்ணை, அஞ்சு கடிதமும் ஆருக்கு எழுதினனீங்கள்?"

"இவருக்கு."

"எனக்கு ஒண்டெண்டாலும் எழுதத் தோன்றேல்லையோ? உங்கடை மனுசியும் நானும் எத்தினை வரியம் அந்தக் கிணத்திலை ஒண்டாய்த் தண்ணி அள்ளினனாங்கள்?"

அதுவரை தம்பிராசாமேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே என்மேல் திரும்பியது. இருபத்துநான்கு வருடம் காணிப் பதிவுக் கந்தோரில் கிளாக்கராக உறுதிப் பத்திரங்களைப் பதிந்த கை இது. எங்கள் ஊர்களில் காணியும் வீடும் கிணறும் பெண்பிள்ளைகளின் பெயரில்தான் போகும் என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இதே கிணற்றின் சீதன உறுதியையும் நான்தான் பதிவேட்டில் பதிந்தேன். அப்படியிருந்தும் ஐந்து தடவை, அடித்தல் திருத்தல் இல்லாமல், 'உயர்திரு தம்பிராசா அவர்கள்' என்று எழுதியிருக்கிறேன். இருபத்துமூன்று வீட்டாரும் அதை வாசித்துத்தான் கையெழுத்து வைத்தார்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. மூன்று மாதம் வீண்.

சிவயோகம் உள்ளே போய், பிளாஸ்டிக் பையில் சுற்றிய உறுதியை எடுத்துவந்தார். சமைத்து எங்களுக்குச் சோறு போட்டார். பிறகு தன் சைக்கிளை வெளியே உருட்டினார்.

"உந்த வெயிலுக்கை பதினெட்டுக் கட்டையோ? சனம் என்ன சொல்லும்?" என்றார் தம்பிராசா.

"சவர்த்தண்ணி குடிக்கிற சனம் என்ன சொல்லுதெண்டு கேக்கத்தான் போறன்."

1.30க்குப் புறப்பட்டோம். காலையில் தள்ளிவிட்ட சோளகம் இப்போது எதிரே நின்றது. வல்லைவெளியில் நானும் அருளப்புவும் இறங்கி உருட்டினோம். சிவயோகம் இறங்கவில்லை. பாலத்தடியில் எங்களுக்காகக் காத்திருந்தார்.

6.25க்கு எங்கள் ஒழுங்கை. அவர் எங்கள் வீட்டில் தங்கினார். என் மனைவி அவருக்குத் தேநீர் கொடுத்தாள். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீர்தான். ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். "இதையோ மூண்டு மாதமாய்க் குடிக்கிறியள்?" என்று மட்டும் கேட்டார்.

புதன், காலை 5.40. சிவயோகம் கிணற்றுக்குள் கிடந்த குழாயை இழுத்தெடுத்து ஒழுங்கையில் எறிந்தார். அவர் செய்த முதல் வேலை அதுதான். ஆறு மணிக்குச் சொன்னபடியே குணம் வந்தான். லாண்ட்மாஸ்டரில் புது மெஷின் இருந்தது.

"என்னக்கா உது? நான் ஐயாவோடையெல்லே கதைச்சனான்" என்றான்.

"அப்ப ஐயாவின்ரை கிணத்திலை போய் இறை."

வீட்டு வாசல்களில் நின்ற எல்லோரும் படலைகளைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். குணம் அவர்களைப் பார்த்தான், சிவயோகத்தின் கையிலிருந்த உறுதியைப் பார்த்தான், குழாயைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போனான். நான் வாளியைக் கையில் எடுத்தேன்.

"வையுங்கோ அண்ணை" என்றார் சிவயோகம். "அது ஊறட்டும்."