படத்தின் முடிவில் இல்லாத பெயர்

தலைவரே, அந்தப் படத்திலிருந்து அவருடைய பெயரை வெட்டியது நீங்கள்தான். கணினியில் யாரோ தவறுதலாகச் செய்துவிட்டார்கள் என்று நம் தமிழ்ச் சங்கத்துப் பெற்றோரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அது பொய்.

அவர் டாக்காவிலிருந்து வந்த பெண். அங்கே சிறுவர்களுக்குக் கதைப் புத்தகங்கள் எழுதினார், சிறுவர் படங்களும் தயாரித்தார். இங்கே ஒஸ்லோவில் பதிப்பகங்கள் அவருடைய கதைகளை நன்றி சொல்லித் திருப்பி அனுப்பின. மெல்லிய புத்தகம் ஒன்றுதான் நோர்வேஜிய மொழியில் வந்தது. அதை வாசித்துக் காட்டத்தான் மோர்டென்ஸ்ருட் பகுதியில் நான் வேலை செய்யும் முன்பள்ளிக்கு வந்தார். அப்படித்தான் பழக்கமானோம். கதைப்பதெல்லாம் நோர்வேஜிய மொழியில். இருவருக்கும் அது அரைகுறை.

குளிர்கால இருட்டில் தன் நிழலைக் காணவில்லை என்று தேடும் ஒரு சிறுமியின் கதை அவரிடம் இருந்தது. அதைப் படமாக்க வேண்டும், நம் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகள் நடிக்க வேண்டும் என்றார். வசனங்களை நான் தமிழில் எழுதிக் கொடுத்தேன். மற்றதெல்லாம் அவர். ரயில் நிலையத்தில் அனுமதி வாங்கினார். கமராக்காரரைக் கெஞ்சிப் பிடித்தார். நனைந்த கையுறைகளை ஹீட்டரில் காயப்போட்டார். பிள்ளைகளுக்குப் பசிக்கும் என்று வீட்டிலிருந்து பெரிய சட்டியில் கிச்சடி கொண்டு வந்தார். கடைசிக் காட்சிக்கு வெயில் வேண்டும். அது வரும்வரை பல நாட்கள் பனியில் நின்றார். அப்போதே அவருக்குப் புற்றுநோய். எனக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

ஆண்டு விழாவில் படம் போட்டீர்கள். பேர்கன் நகரில் இருக்கும் மகனை அவர் வரவழைத்திருந்தார். அம்மா எழுதுவதெல்லாம் பொழுதுபோக்கு என்று நினைத்து வளர்ந்த மகன். அவன் ஒருமுறையாவது அம்மாவின் பெயரைத் திரையில் பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வேறொன்றும் கேட்கவில்லை.

படம் முடிந்ததும் எழுத்துகள் ஓடின. எல்லாம் தமிழ். அவர் என் கையைப் பிடித்தார்.

"இதிலை எது என்ரை பேர்?"

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தயாரிப்பு என்ற இடத்தில் மளிகைக்கடை முதலாளியின் பெயர். கதை என்ற இடத்தில் நம் சங்கத்தின் பெயர். பிறகு கடையின் விளம்பரம். முதலாளியை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினீர்கள்.

"இல்லை," என்றேன்.

அவர் மகனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேலங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

நான் உங்களிடம் வந்தேன். சாப்பாட்டு வரிசையில் நின்றீர்கள்.

"அண்ணை, அவவின்ரை பேர் எங்கை?"

"தங்கச்சி, காசு போட்டவர்தானே தயாரிப்பாளர். மண்டப வாடகை ஆர் குடுத்தது?"

"கதை ஆர் எழுதினது?"

"அது சின்னப் பிள்ளையளின்ரை கதைதானே. அவ ஒரு வங்காளி, எங்கடை சனத்துக்கு அவவைத் தெரியாது. இதைப் பெரிசாக்காதையுங்கோ. சோறு ஆறுது, எடுங்கோ."

பின்னால் நின்றவர் சிரித்தார். "அக்கா அடுத்த முறை சங்க எலெக்‌ஷனிலை நிக்கப்போறா போலை."

அன்று நீங்கள் சொன்னதைக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். தவறுதலாக நடந்தது என்ற கதையே அப்போது இல்லை. காசு கொடுப்பவனுக்குத்தான் பெயர் என்பது நம் மேடைகளின் பழைய வழக்கம். கோயில் திருவிழாவிலிருந்து நடன அரங்கேற்றம் வரை அதையே செய்து பழகிவிட்டோம். குழந்தைகள் படத்திலும் அதையே செய்தீர்கள்.

வெயில் காலம் வருமுன் அவர் இறந்துவிட்டார். மகன் என்னிடம் கேட்டான்: "அம்மா உண்மையிலை அந்தப் படத்திலை என்ன செய்தவ?" நான் எல்லாவற்றையும் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். நம்பினானா என்று எனக்குத் தெரியவில்லை. தன் கண்ணால் பார்த்தது வேறு அல்லவா.

சங்கத்தின் இணையப் பக்கத்தில் நீங்கள் அஞ்சலி போட்டீர்கள்: "எமது பிள்ளைகளுக்கு உணவு சமைத்து உதவிய வங்காளச் சகோதரி." அதை வாசித்த இரவு நான் சாப்பிடவில்லை.

எனக்குத் தொலைபேசி எடுத்துச் சமாதானம் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்பவும் வேண்டாம். அடுத்த கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்து, பிள்ளைகளும் பெற்றோரும் இருக்கும்போது பதில் சொல்லுங்கள். அவருடைய மகனையும் நான் கூட்டி வருவேன். அந்தக் கதையை எழுதியது யார்? அந்தப் படத்தை எடுத்தது யார்?