நெருப்பு வைத்தவள்

சாயக்காரியின் கணவன் வீட்டை விட்டுப் போன காலையில் அவள் நீலச் சாயத் தொட்டியைக் கலக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாசலில் நின்று "போறேன்" என்றான். அவள் தலையைத் தூக்காமலே "ம்" என்றாள். வெளியே கால் வைக்கிற யாரும் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வார்கள். அவன் பாதியை விழுங்கிவிட்டது உலை கொதிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெருமுனைக்கு ஓடிப் பார்த்தாள். ஏதோ ஒரு வண்டி கிளப்பிவிட்டுப் போன புழுதி மட்டும் இருந்தது.

வீட்டையும் உறவையும் உதறிவிட்டுப் பிச்சை ஓடு ஏந்தி நடக்கும் துறவிகள் ஊர் ஊராக வரத் தொடங்கியிருந்த பழங்காலம் அது. வீட்டுக்கு வீடு வேள்வித் தீ வளர்த்து, செத்துப்போன முன்னோருக்குத் தவறாமல் சோறும் நீரும் படைத்து வாழ்ந்த தெருக்காரர்களுக்கு அவர்களை என்ன செய்வதென்றே தெரியவில்லை. பாதிப் பேர் கும்பிட்டார்கள், பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். அந்த மழைக்காலம் முழுக்க ஆற்றங்கரைத் தோப்பில் ஒரு கூட்டம் தங்கியிருந்தது. அவர்கள் பேச்சைக் கேட்கத்தான் அவன் போய் வந்துகொண்டிருந்தான். கள்ளுக் குடிக்கப் போகவில்லையே என்று அவளும் விட்டுவிட்டாள்.

"எல்லாத்தையும் விட்டுட்டானாமே உன் வீட்டுக்காரன்," என்றாள் எதிர்வீட்டுக் குயவனின் மனைவி. "விட்டதெல்லாம் எங்க போச்சு? உன் தலையிலதானே வந்து விழுந்திருக்கு!"

சாயக்காரிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டில் மிஞ்சியவர் மாமனார் ஒருவர்தான். மாமனாரும் மருமகளும் முகத்துக்கு நேரே பேசிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. மகன் இருந்தவரை பேச்செல்லாம் அவன் வழியாகப் போய் வந்தது. அவன் போன பிறகு கிழவர் சாயத் தொட்டியிடம் பேச ஆரம்பித்தார். "இன்னைக்குப் பசி கொஞ்சம் முந்திக்கிச்சு போல," என்று தொட்டியைப் பார்த்துச் சொல்வார். அவள் ஈரத் துணியை உதறியபடி, "சோறு வடிச்சாச்சு," என்று கொடிக்கயிற்றுக்குப் பதில் சொல்வாள். ஒரே ஆளால் கைவிடப்பட்ட இரண்டு பேர், ஒருவரையொருவர் பார்க்காமலே பல வருஷம் ஓட்டினார்கள்.

தெருவில் ஒரு கல்யாணம் வந்தது. அவளை எந்த வரிசையில் நிறுத்துவது என்று பெண்கள் குழம்பினார்கள். புருஷன் செத்தவள் என்று ஒதுக்க முடியாது, ஆள் உயிரோடு நாலு ஊர் தள்ளி நடந்துகொண்டிருக்கிறான். புருஷன் உள்ளவள் என்று முன்னே நிறுத்தவும் மனசு வரவில்லை. அவர்களுக்குச் சங்கடம் வைக்காமல், "எனக்குத் தொட்டி வேலை கிடக்குக்கா, நீங்க பாருங்க," என்று சொல்லி அவள் வீட்டிலேயே இருந்துகொண்டாள். அன்றைக்குத் தொட்டியில் ஒரு துணிகூட இல்லை.

கிழவருக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. மகன் கையால் கொள்ளி விழாதவன் முன்னோர் உலகம் போய்ச் சேரமாட்டான், பசியோடு காற்றில் அலைவான் என்று கேட்டு வளர்ந்தவர் அவர். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் தொட்டி இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "எனக்கு நெருப்பு வெக்க யார் இருக்கா?" என்றார். அவள் கொடிக்கயிற்றில் கிடந்த துணியை எடுத்து மடித்தாள். இரண்டு நாளில் அவர் மூச்சு நின்றது.

துறவிகள் அந்த வருஷம் மறுபடி தோப்புக்கு வந்திருந்தார்கள். அவள் நேரே அங்கே போனாள். மொட்டைத் தலையும் காவித் துணியுமாக நின்ற கணவனை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"மாமா போயிட்டார்," என்றாள்.

அவன் கண்ணை மூடித் திறந்தான். "நெருப்பைத் தொடுறதில்லைன்னு வாக்குக் குடுத்திருக்கேன். பொறந்த எல்லாருமே ஒருநாள்..."

"அதெல்லாம் எனக்குத் தெரியும். வரீங்களா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"வந்து நிக்கிறேன்," என்றான்.

சொன்னபடி வந்து, சுடுகாட்டு ஓரத்து மரத்தடியில் நின்றான். மகனுக்கு அடுத்தபடி கொள்ளி வைக்க உரிமையுள்ள ஒரே பங்காளி இருந்தது ஆற்றுக்கு அக்கரையில். ஆற்றிலோ வெள்ளம். மந்திரம் சொல்ல வந்த புரோகிதர் மரத்தடியைப் பார்த்தார், சிதையைப் பார்த்தார், கையைப் பிசைந்தார். பெண்கள் அந்த எல்லைக்கே வரக்கூடாது. ஆனால் சாயக்காரி வந்து நின்றாள், போகவில்லை.

"இத்தனை வருஷம் என் கையாலதான் சோறு வாங்கிச் சாப்பிட்டார், சாமி. இதையும் என் கையாலயே வாங்கிக்கட்டும்."

"சாஸ்திரத்துல இடம் இல்லம்மா."

"மழை வரப்போகுது. சாஸ்திரம் வந்து விறகை மூடுமா?"

புரோகிதர் வானத்தைப் பார்த்தார். பிறகு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நான் ஆத்தைப் பாத்துத்தான் மந்திரம் சொல்லப்போறேன். முதுகுக்குப் பின்னாடி யார் என்ன செஞ்சாங்கன்னு என்னைக் கேக்காதீங்க."

நீலம் ஏறிய கைகளால் அவள் கொள்ளியை வைத்தாள். தீ பிடித்து எழுந்தது. மரத்தடியில் நின்றவன் முகத்தைக் காவித் துணியால் மூடியிருந்தான். அழுதானா, தியானம் செய்தானா, அவளுக்குத் தெரியாது. மழை தூறியபோது இருவரும் ஆளுக்கொரு வழியில் நடந்தார்கள்.

அதன் பிறகு தெருவில் அவளிடம் யாரும் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தாலாவது தேவலை. பெண்கள் அவளைக் கண்டதும் குரலைத் தாழ்த்தினார்கள். சாயம் போடக் கொண்டுவந்தவர்கள் துணியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று சொல்லிவிட்டுப் போனார்கள். குயவனின் மனைவி மட்டும் வந்து போனாள். அவளும் ஒரு மழைக்காலத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். கிழவர் படுத்திருந்த மூலையில் ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் சாயக்காரி கையில் இருந்த வேலையை நிறுத்திவிடுவாள். பசியோடு யாராவது நிற்கிறார்களோ என்று சோற்றில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தாள். காலையில் அது அப்படியே காய்ந்து கிடக்கும்.

துறவிகள் பிச்சைக்கு வரும்போது ஒரு வீட்டையும் தாண்டிப் போகக்கூடாது என்பது அவர்கள் விதி. வரிசையில் ஒருவனாக அவனும் அவள் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை வருவான், குனிந்த தலையோடு நிற்பான். அவள் போடுவாள், அவன் நகர்வான்.

தலை பாதி நரைத்த வருஷத்தில், அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அவள் கேட்டாள்: "மாமா முன்னோர்கிட்டப் போய்ச் சேர்ந்திருப்பாரா?"

முன்னே போன துறவிகள் அடுத்த வாசலுக்கு நகர்ந்துவிட்டார்கள். அவன் நகரவில்லை. பிரம்மாண்டமான பதில் ஏதோ வரப்போகிறது என்று நினைத்து அவள் மனசை இறுக்கிக்கொண்டாள்.

"தெரியல," என்றான்.

"உங்க கூட்டத்துல யாரும் சொல்லித் தரலையா?"

"கேட்டேன். நிறையச் சொன்னாங்க. எனக்குத் தெரியல."

அவளுக்கு ஏனோ நெஞ்சு லேசானது. இத்தனை காலம் தான் ஒருத்திதான் அந்தக் கேள்வியைச் சுமந்து திரிவதாக நினைத்திருந்தாள். அவனிடம் சொல்ல வேறொன்றும் இல்லை. சோற்றை ஓட்டில் போட்டாள், ஆவி பறந்தது.

"சூடா இருக்கு," என்றாள். "பாத்துப் பிடிங்க."