ஒலிபெருக்கியார் பன் தின்ற கதை

ஊரே அவரை ஒலிபெருக்கியார் என்றுதான் கூப்பிடும். சுகாதாரத் துறை வேனில் மைக் பிடிப்பது அவர் வேலை. சர்க்கரையைக் குறையுங்கள், மாவுப் பண்டத்தைக் குறையுங்கள், முட்டையும் காய்கறியும் கூட்டுங்கள் என்று அவர் ஆரம்பித்தால் மாடியில் தூங்குகிறவன்கூட எழுந்து உட்கார்ந்துவிடுவான். அப்படி ஒரு தொண்டை! அதைப் பதிவு செய்துவைத்து, அவருக்கு லீவு என்றாலும் வேனில் ஓடவிடுவார்கள்.

தொண்டை ஒரு கட்சி என்றால் நாக்கு வேறு கட்சி. மனுஷனுக்கு வெண்ணெய் தடவிய பன் என்றால் உயிர். அந்த வருஷப் பரிசோதனையில் அவருடைய சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நின்றது. அடுத்த பரிசோதனை வரைக்கும் வாயைக் கட்டினால் தப்பிக்கலாம், இல்லையென்றால் அண்ணன் போன வழிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் போன வழி எல்லாருக்கும் தெரியும். முதலில் மாத்திரை, அப்புறம் ஊசி, அப்புறம் காலில் ஆறாத புண், கடைசியில் கட்டைவிரல் போயிற்று. மனைவி அன்றைக்கே சர்க்கரை டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.

வெளியே தின்னலாம் என்றால் குரல் காட்டிக்கொடுத்தது. பேக்கரியில் போய் "ஒரு பன்" என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், கடையே திரும்பிப் பார்த்தது. ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு நீங்களே கேட்கலாமா என்று பேக்கரிக்காரர் வெள்ளரிக்காயை நறுக்கி நீட்டினார். கொடுமை.

சும்மா இருப்பாரா நம்ம ஆள்? ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், தன்னை யாரும் பார்த்திராத ஒரு டீக்கடையைக் கண்டுபிடித்தார். வாயே திறக்கவில்லை. பன்னைச் சுட்டிக் காட்டினார், டீக்குக் கையைக் குவித்தார், சர்க்கரைக்கு விரல் நுனிகளைத் தேய்த்துக் காட்டினார். பாவம், வாய் பேச வராது, காதும் கேட்காது போல என்று கடைக்கார அக்கா உருகிப்போனாள். இருப்பதிலேயே பெரிய பன்னாக எடுத்துக் கொடுத்தாள். அவர் வெட்கப்பட்டிருக்க வேண்டும். பன் ருசியாக இருந்ததால் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். வீட்டில் அவித்த முட்டையும் முட்டைக்கோஸும் தின்கிற மனுஷனுக்குச் சட்டைப் பொத்தான் ஏன் தெறிக்கிறது என்று மனைவிக்குத்தான் மண்டை குடைந்தது.

அவருடைய லீவு நாள் ஒன்றில் வேன் அந்தத் தெருவுக்கே வந்துவிட்டது. அவர் குரல் முழங்கியது. அவர் பன்னோடு பெஞ்சில் ஒடுங்கினார். அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, வேன் தெருமுனை திரும்புகிற வரைக்கும் அசையாமல் கேட்டாள். அப்புறம், இந்த மனுஷனுக்கு ஒன்றும் கேட்டிருக்காதே என்று அவளுக்குப் பட்டிருக்க வேண்டும். கிட்டே வந்து நடித்தே காட்டினாள்.

போன வேனைச் சுட்டி, முன்னாலேயே இதைக் கேட்டிருக்கிறேன் என்று கையைப் பின்னால் வீசிக் காதைத் தொட்டுக் காட்டினாள். காலைத் தூக்கி, பாதத்தில் இருந்த நீளத் தழும்பைக் காட்டினாள். கையை ரம்பமாக்கி, வெட்டச் சொன்னார்கள் என்று காட்டினாள். கண்ணாடிப் பெட்டியில் இருந்த பன்னையெல்லாம் காட்டி, தான் தொடுவதில்லை என்று தலையை ஆட்டினாள். முட்டையை உடைத்தாள், கீரையை மென்றாள், மாத்திரையை விழுங்கினாள். பிறகு அந்தக் காலைத் தரையில் நன்றாக ஊன்றி நின்று, வேன் போன திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

கடித்த பன்னை அவர் தட்டில் வைத்துவிட்டார். இத்தனை வருஷமாகக் காற்றோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அவர் நினைத்திருந்தார். காது கொடுத்துக் கேட்டவள் எதிரே இரண்டு காலில் நிற்கிறாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. அண்ணன் ஞாபகம் வேறு வந்து கண்ணைக் கரித்தது.

"அக்கா, இந்தப் பன்னை எடுத்துக்குங்க. சர்க்கரை போடாம ஒரு டீ குடுங்க."

பால் பாத்திரத்தை மூடப்போன அக்காவின் கையிலிருந்து மூடி கீழே விழுந்து உருண்டது. தெருமுனையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முதல் வேலையாகத் தட்டைப் பிடுங்கிக்கொண்டாள். அப்புறம்தான் இடுப்பில் கை வைத்தாள்.

"உன் பேச்சைக் கேட்டுக் காப்பாத்தின கால் இது. இதாலயே உனக்கு ஒரு உதை விட்டா என்ன?"

நியாயமான கேள்விதான். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வந்த டீயைச் சொட்டு விடாமல் குடித்தார்.