பார்க்காமல் மூடமாட்டான் பிரபு

வெள்ளிக்கிழமை காலை, திருப்பாச்சூர் கோயிலில் விளக்குக்கு நெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிரபுவின் மனைவி கௌரி. "அத்தே, எய்ப்பி எய்ப்பிப் பாக்குறேன், அவரு எய்ந்துக்கவே மாட்றாரு" என்றாள். நான் கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் டாக்டர் மாரடைப்பு, உயிர் போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். என் அண்ணன் மகன். முப்பத்தாறு வயது.

இன்றைக்கு அவன் படத்திறப்புக்கு வந்திருக்கும் கம்பெனிக்காரர்களுக்கு அவன் வேலை தெரியும். நம் சொந்தக்காரர்கள்தான் 'கம்ப்யூட்டருக்கு வாட்ச்மேன்' என்று கிண்டல் செய்வீர்கள். நானும் செய்திருக்கிறேன். அவன் கோபப்பட்டதில்லை. "வைரஸ் கிரஸ் உள்ள பூந்துச்சுன்னு கம்ப்யூட்டருங்கோ நாள் பூரா மணி அடிச்சிக்கினே இருக்கும் அத்தே. முக்காவாசி பொய் மணி. எது நெஜம்னு பாத்து மேல சொல்லணும், அதான் என் வேலை" என்பான். பொய் மணி மாதிரி தெரிந்தாலும், அந்தக் கம்ப்யூட்டரில் வேலை செய்கிற ஆளைக் கூப்பிட்டுக் கேட்காமல் அதைப் பொய் என்று மூடமாட்டான்.

ஒரு ஆயுத பூசைக்கு, அதே கம்பெனியில் மெஷின் ஓட்டும் எங்கள் பக்கத்து வீட்டு ஏகாம்பரத்திடம் என் அம்மன் பாட்டுப் பென்டிரைவைக் கொடுத்தனுப்பினேன். மனுஷன் மெஷினுக்குப் பொட்டு வைத்த கையோடு, அதை ஓட்டுகிற கம்ப்யூட்டரிலேயே சொருகிவிட்டார். செல்போன் கடையில் ஏற்றிய பாட்டு. கூடவே வைரசும் ஏறியிருந்தது. பிரபுவுக்கு மணி அடித்தது. யார் செய்தது என்று யாரும் வாய் திறக்கவில்லை. பிரபு ஏகாம்பரத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "பாட்டு நல்லாத்தான் கீதுண்ணே. எப்ப சொருகுன, அத்த மட்டும் சொல்லு" என்றானாம். அவர் அழுதுவிட்டார். வேலை போகவில்லை.

சாயங்காலம் என்னிடம், "இன்னா அத்தே, அம்மனையே கேஸ்ல இய்த்து உட்டுட்ட" என்று சிரித்தான். பிறகு சொன்னான்: "திட்டுனா அடுத்த வாட்டி மறைச்சிடுவாங்க. மறைச்சாதான் பேஜாரு."

அப்படிச் சொன்னவன்தான் மறைத்தான். போன பிரதோஷத்தன்று என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தான். என்னடா என்று கேட்டேன். "வாயு அத்தே. ஒண்ணுமில்ல." ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு, கோயிலுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிட்டேன். ஊரார் மணியையெல்லாம் போய்ப் பார்த்தவன் தன் மணியைப் பொய் என்று மூடினான். நானும் சேர்ந்து மூடினேன். அன்றைக்குச் சாமியிடம் அவனுக்குப் பிரமோஷன் கேட்டேன். உயிரைக் கேட்கத் தோன்றவில்லையே, பாவி எனக்கு.

எனக்கு வாய் நீளம் என்று எல்லோருக்கும் தெரியும். இனிமேல் அதை இரண்டாம் முறை கேட்பதற்கு வைத்துக்கொள்கிறேன். ஒன்றுமில்லை என்று யார் சொன்னாலும் போய்ப் பார்ப்பது, அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதுதான்.

நேற்று, சாப்பிட்டுவிட்டேன் என்றாள் கௌரி. போய்க் குண்டானைத் திறந்து பார்த்தேன். சோறு வடித்தது வடித்தபடியே இருந்தது.